விழுந்த நேரம்

டாக்டர் இம்தியாஸ் இறந்த செய்தி எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில், அடுத்த வாரத்து டியூட்டிப் பட்டியலுக்கும் யாரோ ஒருவரின் புதுமனை புகுவிழா அழைப்புக்கும் நடுவில் வந்தது. காலை எட்டு மணி இருக்கும். நான் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வாணியம்பாடியில் தன் வீட்டு வாசலில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை என்று போட்டிருந்தது. நாற்பத்தேழு வயது. பஸ் அடிவாரத்தைத் தொடுவதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் எதையும் போடவில்லை.

அன்றே மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நம் மருத்துவமனை வேன் கிளம்பியதே அந்த நேரத்துக்குத்தான். போய்ச் சேர்ந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் நான்கு நாள் கழித்து ஓ.பி. ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தீர்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயர ஃப்ளெக்ஸ், ‘மலைமக்களின் எலும்புத் தெய்வம்’ என்று. ஒரு இஸ்லாமியரின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றினீர்கள். அவர் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலி மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு, நீ மலைக்காரன், நீ எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலைமக்களை அவர் வேண்டுமென்றே காக்கவைக்கிறார் என்று மேலிடத்துக்கு மனு எழுதியவன் நான். அதில் பதினொரு கையெழுத்துகள். கையெழுத்துப் போட்டவர்களில் ஆறு பேர் அந்தக் கூட்டத்தில் மைக் பிடித்தார்கள். மனுவின் மேல் தொடங்கிய விசாரணை இன்னும் முடியவில்லை. தெய்வம் என்று நீங்கள் ஃப்ளெக்ஸ் அடித்த மனிதர் அரசாங்கக் காகிதத்தில் இன்றைக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்தான். அந்தக் கோப்பு மூடப்பட வேண்டும். நான் எழுதுவது அதற்காக. நாலு நல்ல வார்த்தைக்காக அல்ல.

அவரிடம் நல்ல வார்த்தை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒப்பந்தச் செவிலியனாக நான் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. விறகோடு பாறையில் சறுக்கிக் கீழ்க்கால் உடைந்த ஒருவரை மேலேயிருந்து கொண்டுவந்தார்கள். நான் சீட்டில் ‘சேர்த்த நேரம் 11.40’ என்று எழுதினேன். டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, பேனாவை அழுத்திக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“இது இவன் நம்ம வாசப்படிய மிதிச்ச நேரம்யா. உழுந்த நேரம் எங்க?”

கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை என்றேன். மலையில் விழுகிற யாரும் கடிகாரம் பார்த்துவிட்டு விழுவதில்லை. அவர் என்னைத் தள்ளிவிட்டு அந்த ஆளின் மனைவியிடம் போய், மொத பஸ் போயிடுச்சாம்மா என்று கேட்டார். போய்க் கொஞ்ச நேரம் ஆச்சுங்க, அதுக்கப்புறம்தான் இவரு உழுந்தாரு என்றாள் அவள். எந்த ஊரு என்று கேட்டுக்கொண்டே அவர் அறைச் சுவருக்குப் போனார். அங்கே ஒரு நீளமான தாள் ஒட்டியிருந்தது. மலைமேல் ஓடுகிற பஸ்கள் எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டும் என்று அவர் கைப்பட எழுதிய பட்டியல். டீக்கடையில் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் நிறுத்திவைத்துக் கேட்டு எழுதியது. கீழே சிவப்பு மையில் தனியாகச் சில வரிகள். அவை சந்தை நாளுக்கு. விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, மார்க்கர் பேனாவால் அந்த ஆளின் காலிலேயே நேரத்தை எழுதினார்.

“எலும்புக்கு நம்ம வாசப்படி தெரியாது” என்றார் என்னிடம்.

அந்தத் தாளுக்கு வார்டில் ‘சாரோட டெப்போ’ என்று பெயர். எலும்பு டாக்டர் ரூமுக்குப் போனால் டிக்கெட் கிழிப்பார் என்று சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

அவர் ஏன் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கீழ்க்கால் எலும்பு உடைந்தால் உள்ளே சதை வீங்கும். சதையைச் சுற்றி இருக்கும் உறை விரியாது. வீங்கிய சதை தன் இரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் கால் உடைந்தால் மூங்கில் பட்டை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டித்தான் கீழே இறக்குவோம், நெரிப்பு இரண்டு மடங்காகும். அப்போது உறையைக் கிழித்துவிட வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் உண்டு. அதற்குப் பிறகு கிழித்தால் உள்ளே செத்த சதைதான் இருக்கும். ஒருமுறை பாதத்தில் நாடி நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரு புது டாக்டரை வார்டே பார்க்க அவர் வறுத்தெடுத்தார். நாடி கடைசியில்தான் போகும், கால் செத்த பிறகும் துடிக்கும், பெருவிரலைப் பிடித்து இழு, ஆள் கத்துகிறாரா பார் என்றார். அந்தப் புது டாக்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இனி முருகேசன். என் அத்தை மகன். புளி உலுக்க மரமேறியவன் கிளையோடு வந்து விழுந்தான். தொடை எலும்பு இரண்டாக முறிந்தது, விலா மூன்று. அவர்கள் குக்கிராமத்திலிருந்து ஜீப் வரும் இடம் வரை கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வழியில் அத்தை அவனுக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்திருந்தாள். அடிபட்டவனுக்குத் தெம்பு வேண்டும் என்று எங்கள் பக்கம் யாரும் செய்வதுதான்.

அதைக் கேட்டதும் டாக்டர் கையிலிருந்த ஃபைலை மேசையில் அறைந்தார். மயக்க மருந்து கொடுத்தால் அந்தக் கூழ் நுரையீரலுக்குள் போகும், பையனைக் கொல்லத்தான் ஊட்டினாயா என்று அத்தையைப் பார்த்துக் கத்தினார். அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள். நான் குறுக்கே போனேன். மூணு மணி நேரம் கட்டிலில் ஆடிக்கொண்டு வருகிறவனுக்குத் தண்ணிகூடக் கொடுக்காமல் யார் சார் கூட்டிவருவார்கள், ரோடு இருந்தால் எதற்குக் கூழ் என்று கேட்டேன்.

“ரோடு போடறது என் வேல இல்ல. என் வேல இவனோட நேரம்” என்றார்.

படித்த படிப்பில் எனக்குத் தெரிந்தது ஒன்று. தொடை எலும்பு உடைந்தால் ஒரு நாளுக்குள் உள்ளே ஆணி இறக்கி நிறுத்த வேண்டும். அவர் இறக்கவில்லை. இரத்தம் ஏற்றினார். மாலையில் அரைமணி நேரம் மட்டும் தியேட்டருக்குள் வைத்திருந்து, தொடையில் வெளியிலிருந்து கம்பிகளைச் செருகி ஒரு சட்டம் மாட்டி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் இப்போதைக்கு என்றார். மறுநாள் காலை வாணியம்பாடித் தோல் மண்டி முதலாளி ஒருவரின் மகன் பைக்கில் விழுந்து, இதே தொடை எலும்பு உடைந்து வந்தான். அவனுக்கு நான்கு மணி நேரத்துக்குள் ஆணி இறங்கியது.

இரண்டு கட்டில்களும் எதிரெதிரே இருந்தன. எனக்கு வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. வார்டு நடுவில் நின்று கேட்டேன், மலைக்காரன் காத்துக் கிடக்கலாம், உங்க ஊர் மண்டிக்காரர் பையன் காத்திருக்கக் கூடாதா சார் என்று. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. முருகேசனின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“காலைக் காப்பாத்திட்டு ஆளை அனுப்பிட்டா, அந்தக் காலை யார்கிட்டய்யா குடுக்கறது?”

அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு செவிலியனுக்கு, அதுவும் நோயாளியின் சொந்தக்காரனுக்கு, இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம். சொல்லாத அந்த இரண்டு நிமிடத்துக்காக இன்றைக்கும் அவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. செத்துவிட்டார் என்பதற்காக அதை விடமாட்டேன். விஷயத்தைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். எலும்புக்குள் ஆணி இறக்கும்போது உள்ளிருக்கும் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும். மண்டிக்காரர் மகனுக்கு நுரையீரல் நன்றாக இருந்தது, இரத்த அழுத்தம் இறங்கவில்லை. முருகேசனுக்கு விலா குத்தி நுரையீரல் ஏற்கெனவே கன்றிப்போயிருந்தது. அன்று ஆணி இறக்கியிருந்தால் கால் நிமிர்ந்திருக்கும், ஆள் போயிருப்பான். ஏழாம் நாள் அவனுக்கு ஆணி இறக்கினார். முருகேசன் இன்று மறுபடியும் மரமேறுகிறான்.

ஆனால் அந்த ஏழு நாளுக்குள் நான் மனு எழுதி முடித்திருந்தேன். கையெழுத்துக்கு நான் அலையவேண்டி இருக்கவில்லை. அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் தேடிவந்து போட்டார்கள். மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட மலைமக்களுக்காகப் பொங்கினார்கள். எங்கள் ஊருக்கு ரோடு கேட்டு எனக்குத் தெரிந்தே எட்டு மனு போயிருக்கிறது, ஒன்றுக்கும் பதில் இல்லை. டாக்டர் மீது போட்ட மனுவுக்கு ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை வேறு மருத்துவமனைக்கு மாற்றுப்பணி. அவர் இடத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. எலும்பு உடைகிறவர்கள் விசாரணை முடியும்வரை உடையாமல் இருப்பார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

அவர் போன மூன்றாவது வாரம் பழனியம்மாள் வந்தாள். முப்பது வயது, சாமை விதைக்கிற குடும்பம். சந்தைக்குப் போன ஷேர் ஜீப் வளைவில் கவிழ்ந்து கால் அடியில் மாட்டிக்கொண்டது. அவள் புருஷன் மூங்கில் பட்டை வைத்துக் கட்டித் தூக்கிவந்தான். உள்ளே வந்தபோது பன்னிரண்டரை. நான் கட்டை அவிழ்த்தேன். கால் கல்லாக இருந்தது. கட்டை அவிழ்த்தும் வலி குறையவில்லை. எப்போது கவிழ்ந்தது என்று கேட்டேன்.

“மொத பஸ் தாண்டிப் போச்சு சார், உடனே கவுந்துச்சு” என்றான் புருஷன்.

சுவரில் அந்தத் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அவர்கள் ஊருக்கு நேராக முதல் பஸ் ஒன்பதே கால். மார்க்கரை எடுத்து அவள் முழங்காலுக்குக் கீழே 9.15 என்று எழுதினேன். டியூட்டி டாக்டர் அதைப் பார்த்தார். மூன்றே கால் மணி நேரம்தானே ஆகிறது, பாதத்தில் நாடியும் இருக்கிறது, முதலில் படம் எடுப்போம் என்றார். நான் பெருவிரலை இழுத்துக் காட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் முகம் மாறியது. இங்கே கிழிக்க ஆளில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆம்புலன்ஸ் வேறொரு பிரசவ கேஸுக்குப் போயிருந்தது. தனியார் வண்டி பிடிக்க ஓடியிருக்கலாம். நேரம் இருக்கிறதே என்று காத்திருந்தோம். இரண்டு மணிக்கு வண்டி வந்தது. போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. கிழித்தார்கள். உள்ளே சதை கறுத்திருந்தது.

நான்காம் நாள் அவளைப் பார்க்கப் போனேன். காய்ச்சலில் கிடந்தாள். கட்டின் ஓரத்தில் நான் எழுதிய எண் மங்கலாக இன்னும் தெரிந்தது. மறுநாள் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். என் கையெழுத்தும் அதோடு போயிற்று.

ஆறு வாரம் கழித்து, ஆள் இல்லாமல் சமாளிக்க முடியாது என்று அவரைத் திரும்ப அனுப்பினார்கள், விசாரணையை மூடாமலே. வந்த அன்று என்னைப் பார்த்து, “வாங்க மனுக்காரரே, சௌக்கியமா?” என்றார். அதன் பிறகு சாகும்வரை என்னை வேறு பெயரில் அவர் கூப்பிடவில்லை. தியேட்டரில்கூட, மனுக்காரரே, லைட்டைக் கொஞ்சம் திருப்புங்க என்றுதான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் லைட்டைத் திருப்புவேன்.

அன்றைக்கே பழைய பதிவேட்டை எடுத்து, தான் இல்லாத நாட்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பழனியம்மாள் பக்கத்தில் விரல் நின்றது.

“இது யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“ஒன்பதே கால்னு எப்டி தெரியும்?”

“மொத பஸ் போனப்புறம்னு சொன்னாங்க சார். உங்க தாளைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

அவர் தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கி சந்தையாச்சே.”

அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஒடுகத்தூர்ச் சந்தையன்று முதல் பஸ் இரண்டு மணி நேரம் முன்னதாக வரும். ஏழே கால். மலையில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். ஆட்டைப் பிடித்துக்கொண்டு அதே பஸ்ஸில் எத்தனையோ முறை போனவன் நான். சந்தைக்குப் போகும் ஜீப் என்று அவர்கள் வாயாலேயே சொன்ன பிறகும், சிவப்பு மை வரிக்கு என் கண் போகவில்லை. நான் அவள் காலில் எழுதியபோது உண்மையில் ஐந்தே கால் மணி நேரம் கழிந்திருந்தது. நேரம் இருக்கிறது என்று நாங்கள் காத்திருந்தது செத்துக்கொண்டிருந்த காலுக்குப் பக்கத்தில்.

இதை அவர் விசாரணையில் சொல்லியிருக்கலாம். தன் மேல் மனு எழுதியவனின் இலட்சணம் இது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அவர் கோப்பு அன்றே மூடியிருக்கும். சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினார் என்று யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. நேரம் போன பிறகு பேசுவதில் அவருக்கு அக்கறை இல்லை. நான் வாய் திறக்காமல் இருந்தது வேறு காரணத்துக்காக. எனக்குப் பயம். ஒப்பந்த வேலை.

பயத்தோடேதான் இதை எழுதுகிறேன். விசாரணை அதிகாரி இதையே என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம். முருகேசனைக் காக்கவைத்தது சரி. மனு தவறு. பழனியம்மாள் காலில் தவறான நேரத்தை எழுதியது நான். ஆனால் என் ஒருவன் தலையில் இதை இறக்கிவைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விட முடியாது. நான் சரியான நேரத்தை எழுதியிருந்தாலும் அன்றைக்கு அந்தக் காலைக் கிழிக்க அங்கே ஆள் இல்லை. அந்த நாற்காலியைக் காலி செய்தது பதினொரு கையெழுத்து. காலியாகவே விட்டது ஒரு உத்தரவு. இப்போது மறுபடியும் அது காலியாக இருக்கிறது. ஃப்ளெக்ஸ் அடிக்கக் காட்டிய வேகத்தில் பாதியை அதற்குக் காட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழனியம்மாள் ஊருக்குப் போனேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

“சந்தன்னு எனக்கும் தெரியும், எங்க வூட்டுக்காரருக்கும் தெரியும்” என்றாள். “நீ கேக்கலியே தம்பி.”

அடுத்த கொட்டையை எடுத்துக்கொண்டே, அந்த டாக்டரு கேட்டிருப்பாரா என்று கேட்டாள். கேட்டிருப்பார் என்றேன். திட்டியுமிருப்பார் என்றேன். திட்டட்டுமே என்றாள்.

அவர் அறைச் சுவரில் இப்போது மாலை போட்ட அவர் படம் தொங்குகிறது. படம் மாட்ட இடம் வேண்டும் என்று அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தீர்கள். நான் எடுத்துவந்து நீவி, மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஒரு மூலை போய்விட்டது, சிவப்பு மை வரிகள் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அவருடைய கோபத்திலும் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். அது ஏற்கெனவே என்னிடம் நிறைய இருந்தது.

நேற்று ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். கீழ்க்கால். மூங்கில் பட்டையை அவிழ்த்துக்கொண்டே எப்போது விழுந்தார் என்று கேட்டேன். மொத பஸ் போனப்புறம்ங்க என்றாள் மனைவி. மார்க்கரின் மூடியைத் திறந்தேன். எழுதவில்லை.

“இன்னிக்கி எங்கயாச்சும் சந்தையாம்மா?”